நாணொலியும் வெடியொலியும்

மனிதன் வில்லை விட்டுத் துப்பாக்கியை எடுத்த வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் வில்லை எடுத்த வரலாறு சிறிது, ஆயினும் சுவையுடையது. அதன் தொடக்கத்தில் ஒரு கவிஞர் நிற்கிறார் என்பது கவிஞர்கள் கூடியுள்ள இம்மலரில் எண்ணத்தக்கது.

மாரிஸ் தாம்சன் (1844-1901) அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னகப் படையில் நின்று துப்பாக்கி ஏந்தியவர்; பின்னாளில் கவிதையும் புதினமும் எழுதிப் பெயர் பெற்றவர். போருக்குப் பின் அவரும் அவர் தம்பியும் புளோரிடாவின் சதுப்புக் காடுகளில் வில்லேந்தி வேட்டையாடித் திரிந்தனர். தம்பியின் பெயர் வில்லியம், வழக்கில் ‘வில்’. தமிழறிந்தார்க்கு இது எதிர்பாராது வாய்த்த சிலேடை. அவ்வேட்டையின் இன்பத்தை மாரிஸ் 1878இல் நூலாக்கினார். அடுத்த ஆண்டே தேசிய வில்லாளர் சங்கம் தோன்றியது. அதன் முதல் தலைவரும் அவரே. எனினும் நூலைப் படித்து வில் வாங்கியவருள் பலர் புல்வெளியில் வண்ணப் பலகையை எய்து மகிழ்வதோடு அமைந்தனர். காட்டு வில் மீண்டும் உயிர்பெற ஏறத்தாழ 35 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இம்முறை அது நூல்வழி வரவில்லை. ஒரு மனிதர்வழி வந்தது.

1911 ஆகஸ்டு 29. கலிபோர்னியாவின் ஓரோவில் என்னும் ஊர்ப்புறத்து இறைச்சிக் கொட்டிலில், பசியால் மெலிந்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அகப்பட்டார். யாகி இனத்தில் எஞ்சிய ஒரே உயிர் அவர். தம் பெயரைத் தாமே சொல்லுதல் அவர் மரபன்று. சொல்லிவைக்க வேறொருவரும் இல்லை. எனவே அவர்தம் மொழியில் ‘மனிதன்’ எனப் பொருள்படும் ‘இஷி’ என்னும் சொல்லே பெயராயிற்று. சான் பிரான்சிஸ்கோவிலிருந்த பல்கலைக்கழக மானிடவியல் அருங்காட்சியகம் அவருக்கு இருப்பிடமானது. அடுத்திருந்த மருத்துவமனையின் அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப் 1912 முதல் அவரோடு பழகி, நண்பராகி, மாணவரும் ஆனார்.

போப் கற்றவற்றுள் எய்தல் ஒரு சிறு பகுதியே. இஷியின் வில் 42 அங்குலம். நீட்டிய கைக்கும் எதிர்ப்புற இடுப்புக்கும் இடைப்பட்ட நீளம் என்பது அவர் கணக்கு. மலை ஜூனிபர் மரத்தைச் செதுக்கி, மானின் தசைநாரை மென்று இழை பிரித்து, மீன்தோலைக் காய்ச்சிய பசையால் அதன் முதுகில் ஒட்டுவார். அம்புக் குச்சியைத் தணலில் காட்டி நிமிர்த்துவார். எரிமலைக் கண்ணாடிக் கல்லை மான்கொம்பு நுனியால் அழுத்திச் சில்லு பெயர்த்து முனை சமைப்பார். அருங்காட்சியகத்திற்கு வந்தபின் புட்டிக் கண்ணாடியும் அதற்குப் பயன்பட்டது. நாண் இறக்கிய வில்லைச் சாய்த்து நிறுத்தலாகாது, கிடத்தவே வேண்டும். நின்றால் அது வேலை செய்துகொண்டே இருந்து தளரும் என்பது அவர் நம்பிக்கை. பெண் தொட்டால் வில் கெடும் என்றும் ஒரு விலக்குண்டு. இவ்விலக்கு எந்நாட்டு வேட்டுவரையும் விட்டுவைக்கவில்லை போலும்!

வேட்டைக்கு முதல்நாள் மீன் உண்ணார், புகை பிடியார். விடியலில் ஓடையில் நீராடி, மணமுள்ள இலைகளை உடலெங்கும் தேய்த்து, வெறுவயிற்றோடு புறப்படுவார். மனித வாடை காற்றில் மறைய வேண்டும். விலங்கைத் துரத்துவதைவிட அதை வரவழைப்பதே அவர் திறம். விரல்களை உதட்டில் வைத்து முத்தமிடுவதுபோல் உறிஞ்சி, பருந்திடம் அகப்பட்ட முயலின் அவலக் குரலை எழுப்புவார். ஒரு பிற்பகலில் அவர் 12 முறை அவ்வாறு அழைக்க, 5 முயல்களும் ஒரு காட்டுப்பூனையும் அருகே வந்ததைப் போப் எண்ணிப் பதிந்துள்ளார். ஒரே கணையில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்திய வல்வில் ஓரியைப் பாடிய புறநானூற்றுப் புலவரின் கணக்கு வேறு. மருத்துவரின் கணக்கு வேறு.

வில்வேட்டையின் இன்பம் இங்கேதான் இருக்கிறது எனலாம். துப்பாக்கி தொலைவை ஒழிக்கும் கருவி. விலங்கு அறியாத தூரத்தில் நின்று விரலசைத்தால் போதும். வில்லேந்தியவனோ நாற்பது, ஐம்பது அடிவைப்புக்குள் சென்றாக வேண்டும். அதற்குள் காற்றின் திசையும், சருகின் ஈரமும், பறவையின் எச்சரிக்கைக் குரலும் அவனுக்குப் பாடமாகிவிடுகின்றன. வெறுங்கையோடு திரும்பும் நாளே மிகுதி. அந்நாளையும் வீண் என்று போப் எண்ணவில்லை.

அந்த வில் இசைக்கருவியாகவும் இருந்தது. வில்லின் ஒரு முனையைத் திறந்த வாயோரம் வைத்து, அம்பால் நாணைத் தட்டி இனிய ஒலி எழுப்புவார் இஷி. அதனோடு, தீயிலும் கடலிலும் தோய்த்த அம்பைக் கதிரவன்மேல் எய்த வீரன் ஒருவனின் கதையைப் பாடுவார். பெரும்பாணாற்றுப்படையில் குமிழங்கொம்பில் மரல்நார் கட்டி வில்யாழ் மீட்டும் இடையனை அறிந்த தமிழ் வாசகர்க்கு இது புதிதன்று.

ஆனால் போப்புக்கு வில் விருப்பம். இஷிக்கு அது விருப்பமன்று. பொன்தேடி வந்த குடியேற்றத்தார் 1850களிலும் 60களிலும் யாகி மக்களை வேட்டையாடினர். அவர்கள் எடுத்த கருவி துப்பாக்கியே. கிங்ஸ்லி குகையில் ஏறத்தாழ 30 பேரைக் கொன்றபோது, பெருந்துப்பாக்கியின் தோட்டா குழந்தைகளின் உடலை மிகவும் சிதைத்ததால் ஒருவன் கைத்துப்பாக்கிக்கு மாறினான் என்ற செய்தி, மானிடவியலாளர் வாட்டர்மனின் நூலில் இடம்பெற்றுள்ளது. எஞ்சிய சிலர் நாற்பது ஆண்டு பதுங்கி வாழ்ந்தனர். கல்விட்டுக் கல் தாவிச் சுவடு மறைத்தும் புகை தெரியாமல் அடுப்பு மூட்டியும் வாழ்ந்தோர்க்கு, ஓசையின்றி உணவு தரும் வில் உயிர்க்காப்பாகவும் இருந்தது. 1908இல் அவர்களுடைய மறைவிடத்தைத் தற்செயலாகக் கண்ட நில அளவையினர், அங்கிருந்த வில், அம்பு முதலியவற்றை நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றனர்.

போப்பும் அவர் தோழர் ஆர்ட் யங்கும் 1920இல் எல்லோஸ்டோனில் கிரிஸ்லி கரடியையும், 1925இல் ஆப்பிரிக்காவில் சிங்கத்தையும் அம்பால் எய்தனர். இரண்டிடத்தும் துப்பாக்கிக் காவல் உடனிருந்தது. இஷிக்கு அவ்வசதி இருந்ததில்லை. அவ்விருவர் பெயரால் 1961இல் வில்வேட்டைச் சங்கம் ஒன்று அமைந்தது. 1969இல் கப்பி பூட்டிய புதுவில் காப்புரிமை பெற்றது; வில்லும் பொறியாயிற்று. அதை ஒதுக்கி வெறும் மரவில்லை நாடுவோர் இன்றும் உளர். அவர்கள் எடுத்துப் படிக்கும் நூல் போப் 1923இல் எழுதியது. அதன் முதல் இயல்களில் இருப்பவர் இஷி.

நாணைக் கட்டைவிரலால் இழுப்பது இஷியின் முறை. கானவ மாணவனிடம் கட்டைவிரலைக் கேட்ட நகரத்து ஆசிரியரைப் பாரதம் காட்டுகிறது. இங்கே கானவர் ஆசிரியர், நகரத்தவர் மாணவர். 1916 மார்ச்சு 25இல் இஷி காசநோயால் இறந்தார். அவ்வுடலை அறுக்கலாகாது என்று மானிடவியலாளர் குரோபர் வெளியூரிலிருந்து எழுதியது பயன்படவில்லை. வில்லும் ஐந்து அம்புகளும் உடன் வைத்து உடல் எரியூட்டப்பட்டது. மூளை மட்டும் எடுத்து வைக்கப்பட்டுப் பின்னர் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. 2000ஆம் ஆண்டில்தான் அது உறவுமுறை உடைய ரெடிங் ராஞ்சேரியா, பிட் ரிவர் மக்களிடம் வந்து சேர்ந்தது. சாம்பலோடு சேர்த்து அவர்கள் அதனை மண்ணில் வைத்தனர். இடம் எதுவென வெளியார்க்குச் சொல்லப்படவில்லை.