நொய்யலில் உப்பு, நோட்புக்கில் ஸ்லைடர்

2011ல் நடந்த ரெண்டு விஷயங்களை இன்னைக்கு சேர்த்துப் பார்க்கப் போறோம். ஜனவரியில், திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. டிசம்பரில், ஐபைத்தான் நோட்புக் வெளியானது. ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனா முதல் கதையைப் புரிஞ்சுக்க ரெண்டாவது உதவும்.

முதல்ல நோட்புக். கொலம்பியாவில் பிறந்த ஃபெர்னாண்டோ பெரெஸ், இயற்பியல் ஆராய்ச்சி மாணவரா இருந்தப்ப 2001ல் ஐபைத்தானைத் தொடங்கினார். வரைபடத்துக்கு, ஜான் ஹன்டர் உருவாக்கிய மேட்பிளாட்லிப் 2003ல் வந்தது. 2014ல் நோட்புக்குக்குள்ளேயே ஸ்லைடர் வந்துவிட்டது. ஒரு ஃபங்ஷன் எழுதி, அதை 'இன்டராக்ட்' என்பதிடம் கொடுத்து, கூடவே 4, 12ன்னு ரெண்டு எண் கொடுத்தால் போதும். ஸ்லைடர் தானா வரும். அதை இழுக்க இழுக்க ஃபங்ஷன் திரும்ப ஓடி, கோடு நகரும்.

இப்ப திருப்பூருக்கு வருவோம். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேணும். அந்த உப்பு துணியில் தங்காது, கழிவுநீரோட வெளியே போயிடும். லிட்டருக்கு 60 கிராம் உப்புன்னு வச்சுக்கோங்க. ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் தண்ணீர்னா 600 கிராம் உப்பு. ஸ்லைடரை 6 லிட்டருக்கு இழுத்தா 360 கிராம். நல்ல முன்னேற்றம்தான். ஆனா எவ்வளவு இழுத்தாலும் கோடு பூஜ்ஜியத்தைத் தொடாது.

சரி, ஆத்துல கலந்து நீர்த்துப் போகாதா? அதுக்கு இன்னொரு ஸ்லைடர். ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்புகளுக்கான வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். சாயத் தொட்டியில் இருந்த ஒரு லிட்டரை அந்த அளவுக்கு இறக்க, உப்பே இல்லாத தண்ணீர் சுமார் 28 லிட்டர் வேணும். வருஷத்துல பாதி நாள் வறண்டு கிடக்கும் நொய்யல் அதுக்கு எங்கே போகும்?

பாசனத்துக்காகக் கட்டின ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாச்சு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைச்சாங்க. கரைந்த உப்பு அப்படியே நின்னது. கீழ்ப்பகுதி விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2009ல் உச்ச நீதிமன்றமும் அவங்க பக்கம் நின்னது. கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாதுங்கிற நிபந்தனை நிறைவேறாததால்தான் 2011 உத்தரவு. பட்டறைகள் மூடினதும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தாங்க. அந்த வலியும் இந்த வரலாற்றில் உண்டு.

ஒரு சொட்டுகூட வெளியே வரக்கூடாதுன்னு ஏன் கேட்டாங்கன்னு பலர் கேப்பாங்க. இந்த ரெண்டு ஸ்லைடரை இழுத்துப் பாருங்க, பதில் கிடைக்கும்: உப்பைக் குறைக்கிறது மட்டும் பத்தாது, தண்ணீரிலிருந்து பிரிச்சே ஆகணும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.