யாருடைய பயம் கணக்கில் வருகிறது?

தடுப்பூசிக்குப் பயப்படுவது படிக்காத சனங்களின் பழக்கம் என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

19ஆம் நூற்றாண்டில் அம்மைத் தடுப்பு மருந்து பாட்டிலில் வரவில்லை. ஏற்கெனவே குத்திய குழந்தையின் கையில் எழும் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து, அடுத்த குழந்தையின் கையில் கீறி ஏற்றுவார்கள். அப்படிக் கை கொடுத்தவர்களில் பலர் ஏழைக் குழந்தைகள், ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகள். கொப்புளத்தைக் கிழித்தால் வலிக்கும், புண்ணாகும். அந்தத் தாய்மார் தயங்கியதில் என்ன அதிசயம்? மேல்சாதியார் மறுத்தது வேறு காரணத்துக்கு: சேரிப் பிள்ளையின் உடம்பில் ஊறிய நீர் தங்கள் பிள்ளையின் உடம்பில் ஏறக்கூடாது! பிற்பாடு கன்றுக்குட்டியிலிருந்து மருந்து எடுக்கும் முறை வந்தது. கைக்குக் கை நோய் தொற்றும் ஆபத்து அதற்கு ஒரு காரணம், சாதி மறுப்பு இன்னொன்று. 1899இல் கிண்டியில் தொடங்கிய கிங் இன்ஸ்டிடியூட்டின் ஆரம்பகால வேலையே இந்தக் கன்று மருந்து தயாரிப்புதான். மனிதப் பிள்ளையைவிட மாட்டுக்கன்று அவர்களுக்குத் தோதாக இருந்திருக்கிறது.

1918 இன்ஃபுளுவென்சாவைத் தடுக்கும் ஊசி யாரிடமும் இல்லை. பம்பாய் சுகாதார அதிகாரியின் கணக்குப்படி ஆயிரம் பேருக்கு இறந்தவர்கள்: தாழ்த்தப்பட்ட சாதி இந்துக்களில் 61.6, மற்ற இந்துக்களில் 18.9, ஐரோப்பியரில் 8.3. நெருக்கடியான குடியிருப்பும் அரை வயிறும் செய்த வேலை அது.

இனி 2021. கோவாக்சினுக்கு மூன்றாம் கட்டச் சோதனை முடிவு வரும் முன்பே ஜனவரியில் அனுமதி கொடுத்தார்கள். நாட்டின் முதல் ஊசி டெல்லி எய்ம்ஸில் ஒரு தூய்மைப் பணியாளருக்குப் போடப்பட்டது. கௌரவம் என்றார்கள். எதற்கும் முன்னால் நிறுத்தப்படாதவர்களை இதற்கு மட்டும் ஏன் என்று நம் ஆட்கள் கேட்டால், 2009இல் கம்மத்தில் விடுதி வார்டன்களின் கையெழுத்தோடு பழங்குடிச் சிறுமிகளுக்கு ஹெச்பிவி ஊசி போட்ட நாட்டில் அது நியாயமான கேள்வி. ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஊசி போட்டார், 17 அன்று இறந்தார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக்குழுவின் முடிவு வெளிவர அக்டோபர் ஆனது. அந்த ஆறு மாதமும் வாட்ஸ்அப்பின் ராஜ்ஜியம்.

மே மாதக் கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையைத் தாண்டியது. பிளேக் மாரியம்மனைக் கும்பிட்டுப் பழகிய ஊர், அதே மாதம் கொரோனா தேவிக்கும் சிலை வைத்தது. அதற்குப் பெயர் நம்பிக்கை. அன்னூர்ப் பக்கம் காலனிகளில் தயங்கியவர்களுக்கு மட்டும் அறியாமை என்று பெயர். அவர்களில் பலர் எங்களிடம் கேட்டது மரணத்தைப் பற்றியே அல்ல. ரெண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் கூலி யார் கொடுப்பது என்றுதான். அதற்குப் பதில் எங்கள் துண்டறிக்கையில் இல்லை, அரசாணையிலும் இல்லை.

செப்டம்பர் 12 அன்று தமிழ்நாடு முழுக்க சுமார் 40,000 இடங்களில் முகாம் போட்டார்கள். ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேல் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஊசி தெருவுக்கே வந்திருந்தது. நாளும் ஞாயிற்றுக்கிழமை, மில் வேலைக்குப் போகிற பலருக்குக் கூலி போகாத நாள்.