வாய்க்காலுக்குக் கிழக்கே

திண்டிவனத்திலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ பஸ் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. 'ஒயிட் டவுன்' பக்கம் போகாத கல்லூரி மாணவர் நம் பகுதியில் குறைவு. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, சாத்திய பெரிய கதவு, அதன் முன்னால் ஒரு போட்டோ. அந்த வீதிகளில் யார் யார் எப்படி நடக்க முடிந்தது என்பதைச் சுற்றுலாப் பலகைகள் சொல்வதில்லை. தோழர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு திருத்தம். இந்த நேர்கோட்டு வீதிகள் பிரெஞ்சுக்காரர் மூளையில் உதித்தவை அல்ல. 1693இல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டம்தான் அடிப்படை. 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்க, 1765க்குப் பிறகு பழைய கோடுகளின் மேலேயே பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கட்டினார்கள். கடலோரம் ஐரோப்பியர், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர். வெள்ளை நகரம், கறுப்பு நகரம்.

இதோடு நிறுத்திக்கொள்வது பலருக்கு வசதி. வெள்ளைக்காரன் நம்மைப் பிரித்துவைத்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் வாய்க்காலுக்கு மேற்கேயும் குடியிருப்பு சாதிவாரியாகத்தான் இருந்தது. கோமுட்டி வீதி, வெள்ளாளர் வீதி, செட்டித் தெரு என்ற பெயர்களே சாட்சி. அந்த வரிசையிலும் இடம் இல்லாதவர்கள் பறைச்சேரிகளில் இருந்தார்கள். வெள்ளை மாளிகைகளில் மாட்டிறைச்சி சமைக்கச் சாதி இந்துக்கள் வரமாட்டார்கள். அடுப்படி பெரும்பாலும் நம்மவர் கையில்தான் இருந்தது. சமைக்கலாம், குடியிருக்க முடியாது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபர் பதிவு ஒன்றைப் படித்துப் பாருங்கள். சம்பா கோயில் என்று நாம் சொல்லும் மாதா கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களையும் சாதிக் கிறித்தவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. சேரி மக்கள் திரண்டு பாதிரியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எல்லோரையும் சமமாக நடத்த வேண்டாமா என்று கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். கவனியுங்கள், 1745. அம்பேத்கர் பிறப்பதற்கு 146 ஆண்டுகளுக்கு முன்பே பெயர் தெரியாத நம் மூதாதையர்கள் கூட்டமாகப் போய் உரிமை கேட்டிருக்கிறார்கள். சுவரை இடித்த பெருமையைப் பாதிரியாருக்கு மட்டும் எழுதிவைப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

அதே நாட்குறிப்பின் 1743ஆம் ஆண்டுப் பதிவுகளில் வேறொரு செய்தி உண்டு. ஏழைகளை ஏமாற்றிக் கூட்டிவந்து, வீட்டில் அடைத்துவைத்து, அடிமைகளாகக் கப்பல் ஏற்றினார்கள். வாங்கியவர்கள் வெள்ளையர்கள், ஆள்பிடித்துக் கொடுத்தவர்களில் தமிழர்களும் உண்டு. மொரீஷியசுக்கும் ரீயூனியனுக்கும் இந்தக் கடற்கரையிலிருந்துதான் போனார்கள். 1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. உடனே ஒப்பந்தக் கூலிமுறை வந்தது. 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. ஏறியவர்களில் தென்னார்க்காட்டுக் கிராமத்து மக்கள் உண்டு. அன்றைய தென்னார்க்காட்டில்தான் நம் விழுப்புரமும் திண்டிவனமும் இருந்தன.

அடுத்தது செருப்பு. ஆளுநரின் தலைமைத் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளைக்குச் செருப்பணிந்து ஆளுநர் மாளிகைக்குள் போகும் உரிமை தனிச் சலுகையாகத் தரப்பட்டிருந்தது. அப்படியானால் மற்றவர் நிலைமை என்ன? 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து நீதிமன்றம் போனார், நீதிபதி தடுத்தார். வழக்கு பாரிஸ் வரை போய் அவர் வென்றார். அவர் தலித் அல்லர். ஆனால் பின்னால் நடந்ததைத்தான் நாம் பேச வேண்டும்.

1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, விரும்பும் இந்தியர் தம் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம். புதுக் குடும்பப் பெயரும் எடுத்துக்கொள்ளலாம். பொன்னுத்தம்பி 'லா போர்த்' ஆனார். பிரெஞ்சில் கதவு என்று பொருள். அந்தக் கதவு வழியாக அதிகம் நுழைந்தவர்கள் தலித்துகள், குறிப்பாகத் தலித் கிறித்தவர்கள். சாதி இந்துத் தரப்பு நடு சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் எதிர்த்தது. 1884இல் வாக்காளர்களை ஐரோப்பியர், துறந்தோர், மற்றோர் என்று மூன்று பட்டியலாக்கினார்கள். 1899இல் துறந்தோரின் தனிப்பட்டியலை ஒழித்தார்கள். சட்டம் சமம் என்றது. தேர்தல் கணக்கு வந்ததும் நிறம் திரும்பி வந்தது. ஆனாலும் துறந்தவர்கள் படையிலும் அரசு வேலையிலும் சேர்ந்து இந்தோசீனா வரை போனார்கள். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களில் அவர்களின் வாரிசுகள் கணிசம். 'பிரெஞ்சுக்காரர் வீடு' என்று நாம் வெளியே நின்று பார்ப்பவர்களில் சிலர், சேரியிலிருந்து சைகோன் வழியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

இன்று பல மாளிகைகள் விடுதிகள் ஆகிவிட்டன. ஓர் அறையின் ஒருநாள் வாடகை, அதைப் பெருக்குபவரின் பல நாள் கூலி. வாய்க்காலோரச் சாலைக்கு இன்னும் செஞ்சி சாலை என்றுதான் பெயர். 1750இல் பிரெஞ்சுப் படை நம் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது.

அதே பகுதியில் செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1955இல் தொடங்கியது, நூலகம் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு தமிழிலும் அச்சாகியிருக்கிறது. முதலில் 1743ஐயும் 1745ஐயும் எடுத்துப் படியுங்கள். வீட்டில் பாட்டியிடம், நம் குடும்பத்தில் யாராவது கப்பலுக்குப் போனார்களா என்றும் கேளுங்கள்.