அடிபட்டவன் மேலேயே கேஸ்

சேரிக்காரன் அடிபட்டு ஸ்டேஷனுக்குப் போனால், பல ஊர்களில் அவன் மேலேயே ஒரு கேஸ் காத்திருக்கும். 'ரெண்டு பக்கமும் கேஸ் இருக்கு, ராஜியாப் போயிடுங்க' என்பார்கள். எதிர்வழக்கின் அரசியல் இதுதான்.

ஆனால் உடம்பையோ குடிசையையோ காக்கத் திருப்பி அடிப்பது குற்றமில்லை என்று சட்டமே சொல்கிறது. மெக்காலேயின் 1837 வரைவிலேயே தற்காப்புரிமை இருந்தது. 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையான பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. ஆண்டைக்கு மட்டும் எழுதியதல்ல. தேவைக்கு மேல் அடித்தால்தான் செல்லாது.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அதே சம்பவத்தில் பலத்த காயம் இருந்து, அரசுத் தரப்பு அதற்கு விளக்கம் சொல்லாவிட்டால், அதன் கதையையே சந்தேகிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம் (லட்சுமி சிங் வழக்கு, 1976). எதிரெதிர் வழக்குகளை ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரிக்கணும், ஒன்றின் சாட்சியத்தை மற்றதில் கலக்கக் கூடாது என்றது நாத்தி லால் வழக்கில் (1990).

ஆகவே தோழர்களே, முதலில் ஆஸ்பத்திரி. ஒவ்வொரு காயமும் ஏ.ஆர். புத்தகத்தில் ஏறணும். அந்தக் காப்பி கையில் இல்லாமல் ராஜிப் பேச்சுக்கு உட்காராதீங்க.