செராம்பூர் மேசையும் மௌல்மேன் காடும்

ஊழியத்தில் வரும் சோர்வைப் பற்றிப் பேசும் பிரசங்கங்களில் வில்லியம் கேரியும் அதோனிராம் ஜட்சனும் தவறாமல் வந்துவிடுவார்கள். இருவரையும் ஒரே பாடத்துக்குச் சாட்சியாக நிறுத்துவதே வழக்கம்: தளரவில்லை, ஆகவே கனி கண்டார்கள். வங்காளத்தில் முதல் உள்ளூர் விசுவாசிக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கேரிக்கு ஏழாண்டு பிடித்தது. ரங்கூனில் ஜட்சனுக்கு ஆறாண்டு. இந்தக் கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்துவதால் மீதியும் அப்படியே பொருந்தும் என்று நம்பிவிடுகிறோம். அருகருகே வைத்துப் பார்த்தால், இருவருமே தளர்ந்து விழுந்தவர்கள்தான் என்பது தெரிகிறது. விழுந்த இடம் மட்டும் நாம் எதிர்பார்க்கும் இடமில்லை.

கேரி விழுந்திருக்க வேண்டிய நாள் 1812 மார்ச் 11. அன்றிரவு செராம்பூர் அச்சுக்கூடம் எரிந்தது. பல மொழி எழுத்துருக்களோடு தமிழ் எழுத்துகளும் உருகின, ஆண்டுக்கணக்கில் எழுதிய அகராதிக் கையெழுத்துப் படிகள் சாம்பலாயின. கேரி அழுதார், பிறகு எழுத ஆரம்பித்தார். ஜட்சன் விழுந்திருக்க வேண்டிய இடம் ஆவா நகரத்துச் சிறை. 1824 ஜூன் முதல் சுமார் ஒன்றரை ஆண்டு விலங்கோடு கிடந்தார். பர்மிய மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் படி தலையணைக்குள் வைத்துத் தைக்கப்பட்டுத் தப்பியது. அவரும் தாங்கினார். ஒருவருடைய தாள்கள் எரிந்தன, மற்றவருடையவை பிழைத்தன. இரண்டு வேளையிலும் மனிதர் நின்றார்.

கேரியின் இருட்டு அதற்கு வெகுகாலம் முன்பே வந்துபோயிருந்தது. 1794இல் முத்னாபாத்தியில் அவர் அவுரித் தொழிற்சாலை மேலாளர். ஐந்து வயது மகன் பீட்டர் காய்ச்சலில் இறந்தபோது குழி வெட்ட ஆள் கிடைக்காமல் அல்லாடினார். சாதிக் கட்டுப்பாட்டுக்கு அஞ்சி ஊரார் ஒதுங்கினார்கள். மனைவி டாரதியின் மனம் பேதலித்தது. இங்கிலாந்திலிருந்து கடிதம் வரவில்லை. அந்த மாதங்களின் நாட்குறிப்பில் நாம் சந்திக்கும் கேரி, தன் ஜெபமே வறண்டுவிட்டதாக நொந்துகொள்ளும் ஒரு மனிதர்.

ஜட்சனின் இருட்டோ விடுதலைக்குப் பிறகு வந்தது. 1826 அக்டோபரில், அவர் ஆவாவில் உடன்படிக்கைப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போயிருந்த சமயத்தில், மனைவி ஆன் இறந்தார். ஆறு மாதத்தில் குழந்தை மரியாவும் போயிற்று. உடனே உடைந்துவிடவில்லை, துக்கம் இரண்டாண்டு புளித்தது. 1828இல், தமக்குக் கிடைத்திருந்த டாக்டர் பட்டத்தைத் துறந்தார், தம் பழைய கடிதங்களை அழித்துவிடச் சொன்னார், மௌல்மேனில் காட்டோரம் ஒரு குடிசை போட்டுத் தனியே இருந்தார். அங்கே தமக்குத் தாமே ஒரு குழி வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, உடல் அழுகுவதை எண்ணிப்பார்த்தார்.

மகனுக்குக் குழி வெட்ட ஆள் தேடி அலைந்தவர் ஒருவர். தன் குழியைத் தானே வெட்டியவர் மற்றவர். இந்த எதிர்ப்பொருத்தம் தற்செயல்தான். ஆனாலும் இருவர் சோர்வின் குணத்தையும் இதைவிடத் துல்லியமாக என்னால் சொல்ல முடியவில்லை. கேரியை வாட்டியது மனிதர் இல்லாத வெறுமை. ஜட்சனுக்கோ மனிதர்களும் அவர்கள் தரும் பெயரும் பாரமாகிவிட்டன. தமக்குள் இருந்த புகழாசையைத் துப்புரவாகக் கொன்றுவிட வேண்டும் என்று அவர் நினைத்தார். மதாம் குயோனின் ஞானநூல்களைப் படித்ததும் அந்தத் தீயை ஊதியது.

ஆகவே மீட்சியும் இரு வழியாகப் போகிறது. 1800இல் செராம்பூர் வந்து சக ஊழியர்களான மார்ஷ்மனோடும் வார்டோடும் சேர்ந்தபின் கேரிக்குப் பொதுச் சமையல், பொதுப் பணப்பை, சனிக்கிழமை இரவுகளில் மனத்தாங்கலைப் பேசித் தீர்க்கும் கூட்டம் எல்லாம் கிடைத்தன. தீ விபத்தின்போது அவர் நின்றதற்கு அவருடைய நெஞ்சுரத்தைவிட இந்தக் கூட்டுக்குடும்பமே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. ‘தோழமை இருந்தால் சோர்வு தீரும்’ என்று இங்கேயே முடித்துவிடலாம், ஜட்சன் விடமாட்டார். மௌல்மேனில் அவருக்கும் தோழர்கள் இருந்தார்கள். அவர்களை விட்டுத்தான் அவர் காட்டோரம் போனார்.

இருவரும் உண்மையில் சந்திக்கும் இடம் மேசை. முத்னாபாத்தியின் இருட்டுக்குள்தான் வங்காளப் புதிய ஏற்பாடு வளர்ந்தது. ஜட்சன் குடிசையைவிட்டுத் திரும்பி வந்து சேர்ந்ததும் பர்மிய மொழிபெயர்ப்புக்கே. 1834 ஜனவரி 31இல் முழு வேதாகமத்தையும் முடித்தார். அதே ஆண்டு ஜூனில் கேரி காலமானார். பிரசங்க மேடை கேட்கும் உற்சாகத்தை மொழிபெயர்ப்பு கேட்பதில்லை. அடுத்த வசனம் ஒன்று காத்திருக்கும். அதற்கு வேர்ச்சொல் தேடினால் போதும். விசுவாசம் தள்ளாடும் நாளிலும் இலக்கணம் தள்ளாடுவதில்லை.

மேசையைப் புகழும்போது அடுத்த அறையையும் நினைக்க வேண்டும். டாரதி 1807இல் இறக்கும்வரை அங்கே கூச்சலிட, கேரி இங்கே எழுதினார் என்பதை வாழ்க்கை வரலாறுகள் வியந்து சொல்கின்றன. எனக்கு அந்த வியப்பு வருவதில்லை. கேரிக்குப் புகலிடம் இருந்தது. ஜட்சனுக்குக் காடாவது இருந்தது. டாரதிக்கு இரண்டும் இல்லை.

இந்த இரு வழிகளுக்கும் வாரிசாக ஒருவர் உண்டு: கேரியின் மூத்த மகன் ஃபெலிக்ஸ். 1813இல் சென்னையிலிருந்து கப்பலேறி ரங்கூனில் இறங்கிய ஜட்சன் தம்பதி தங்கியது, அவர் இருந்த மிஷன் வீட்டில்தான். மறு ஆண்டு ஐராவதி ஆற்றில் படகு கவிழ்ந்து ஃபெலிக்ஸின் மனைவியும் பிள்ளைகளும் மூழ்கினார்கள். தந்தையின் மேசையும் உதவவில்லை, தனிமையும் உதவவில்லை. ஊழியத்தை விட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தார். 1818இல் வார்டு அவரைக் கண்டு செராம்பூருக்கு அழைத்து வந்தார். ஃபெலிக்ஸ் வங்காளத்தில் உடற்கூற்றியல் நூல் ஒன்றை எழுத உட்கார்ந்தார்.