டைனமோ சுற்றிய கை

தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை எமது வீட்டைத் துப்புரவு செய்யப் புகுந்தோம். சாமான் அறையின் மேற்றட்டில், உடைந்த சுளகுக்கும் பழைய பஞ்சாங்கக் கட்டுக்கும் பின்னே, சாக்கிற் சுற்றிய வானொலிப் பெட்டி ஒன்று கிடந்தது. கசற் போடும் வசதியும் உள்ள பெட்டி. அதனோடு இருபதுக்கு மேற்பட்ட ஒலிநாடாக்களும், பூஞ்சணம் பிடித்த நான்கு வீடியோக் கசற்றுகளும் இருந்தன. பழைய இரும்பு எடுப்பவர் படலையில் நின்றார். எனினும் கொடுக்க எவருக்கும் மனம் வரவில்லை. அந்த நாள் இனி வருமா என்று பெருமூச்சு விட்டோம். பெட்டியைத் திருப்பியபோதுதான், பற்றறி போடும் இடத்திலிருந்து இரண்டு வயர்கள் வெளியே தொங்குவதைக் கண்டோம். அந்த நாள் எந்த நாள் என்பது அப்பொழுதுதான் எமக்கு நினைவுக்கு வந்தது.

வீட்டிலிருந்தபடியே இசை கேட்பது நெடுங்காலம் வசதி படைத்தோரின் உரிமையாகவே இருந்துவந்தது. எடிசன் 1877ஆம் ஆண்டிற் குரலைப் பதிந்து காட்டினார். பத்தாண்டுகளின் பின் பெர்லினர் தட்டையான இசைத்தட்டை உருவாக்கினார். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் பாடும். அதற்கு வேண்டிய அரக்கிற் பெரும்பங்கு இந்தியக் காடுகளிலே, சோட்டா நாகபுரி போன்ற இடங்களிற் பழங்குடி மக்கள் மரக்கிளைகளிலிருந்து சுரண்டி எடுத்தது. சுரண்டியவரின் குடிசையிற் கிராமபோன் பாடியதா என்று நாம் கேட்கவேண்டியதில்லை.

கொழும்பில் 1925இல் ஒலிபரப்புத் தொடங்கிற்று. ஆனால், வால்வு வானொலிக்கு மின்சாரமோ பாரமான பற்றறியோ வேண்டும்; அனுமதிப்பத்திரக் கட்டணமும் வேண்டும். ஊரில் ஒன்றிரண்டு வீடுகளிலேதான் அது இருந்தது. உற்றார் திண்ணையில் இருந்து கேட்டனர். திண்ணையில் இருக்கும் உரிமை மறுக்கப்பட்டோர் வேலிக்கு வெளியே நின்று கேட்டனர். இவ்வேறுபாட்டை ஓரளவேனும் குலைத்தது, 1954இல் அமெரிக்காவில் முதன்முதல் விற்பனைக்கு வந்த டிரான்சிஸ்டர் வானொலி. சிறு பற்றறிகளில் இயங்கிய அது பின்னர் இங்கும் வந்து, தோட்டத்துக்கும் கடற்கரைக்கும் உழைப்பாளியோடு கூடச் சென்றது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட கசற்றோ, சாதாரண மனிதனும் தன் குரலைத் தானே பதியலாம் என்ற நிலையை உண்டாக்கிற்று. கடிதத்துக்குப் பதிலாகக் கசற் அனுப்பிய தாய்மார் எமது ஊரிற் பலர். எழுதத் தெரியாத தாய்க்கு அது எத்துணைப் பெரிய விடுதலை!

பின்னர் 1990ஆம் ஆண்டு நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. அரசாங்கத்தின் தடைப் பட்டியலிற் பற்றறியும் சேர்ந்தது. வெடிபொருளை இயக்க உதவும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். ஒளித்து விற்கப்பட்ட பற்றறியின் விலை ஏழைக்கு எட்டாதது. மக்கள் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லோடு அணைத்து, மிதியைக் கையாற் சுற்றத் தொடங்கினர். வண்டி விளக்குக்கென அமைந்த டைனமோ 6 வோல்ட் அளவில் மின் தரும். நான்கு பற்றறிகள் சேர்ந்து தருவதும் அதுவே. ஆனால் டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவது நேரோட்டம். எனவே இடையிலே டயோட்டுகளும் ஒரு கொள்ளளவியும் வைத்துப் பற்றவைத்தனர். எந்தப் பட்டமும் பெறாத வானொலி திருத்துநர்கள் செய்து கொடுத்த வேலை இது. சுற்றும் வேகம் தளர்ந்தாற் செய்தி அமிழ்ந்து போகும்; கசற் போட்டாலோ பாடகர் தூங்கி வழிவார்.

அந்நாளில் எமக்கு ஐந்தாறு வயது. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில், 1941 முதல் 2017 வரை ஒலித்த பி.பி.சி. தமிழோசையைக் கேட்க அயலார் பத்துப் பன்னிருவர் எமது முற்றத்திற் கூடுவர். அப்பாவின் முகமும் அயலாரின் முகங்களும் நினைவில் உள்ளன. சுற்றியவர் யாரென்பது நினைவில் இல்லை. அம்மாவிடம் கேட்டோம்.

"வேறை ஆர்? நான்தான். அப்பா செய்தி கேக்கோணுமே."

"நீங்கள் கேட்கவில்லையா அம்மா?"

"சில்லுச் சத்தத்திலை என்னத்தைக் கேக்கிறது, தம்பி!"

நாம் நாணினோம். அக்காலத்து மக்களின் தற்சார்பை வகுப்பறையிற் பலமுறை புகழ்ந்திருக்கிறோம். சுற்றிய கையைப் பற்றி ஒரு சொற் பேசியதில்லை. உலகச் செய்தியை முற்றத்துக்குக் கொண்டுவந்தவரே அதைக் கேளாதிருந்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, அந்த வண்டியிலேயே அரிசி மூட்டையோடு இப்பெட்டியையும் கட்டி உருட்டியவரும் அவரே.

இன்று கிராமபோனின் பித்தளைக் குழல் விடுதிகளின் வரவேற்பறைகளில் அலங்காரமாய் நிற்கிறது. பழமையை விலைபேசும் இந்த மோகத்தில் எமக்கு நாட்டமில்லை. வீடியோக் கசற் இயக்கும் கருவிகளை ஆக்கிவந்த கடைசி ஜப்பானிய நிறுவனமும் 2016இல் அதனை நிறுத்திவிட்டது. நாடாக்களும் நெடுநாள் நில்லா. காந்தத் துகள்களைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தில் இளகும். எமது கசற்றுகளுள் ஒன்றின்மேல் அப்பாவின் கையெழுத்திற் பாட்டியின் பெயர் இருந்தது. வெளிநாட்டிலிருந்த மாமாவுக்கென்று பேசிப் பதிந்து, அனுப்ப வழியின்றி நின்றுபோனது. போட்டுப் பார்த்தோம். பெட்டியின் ரப்பர்ப் பட்டி தாராய் உருகியிருந்தது.

இரும்பு எடுப்பவர் உள்ளே இருக்கும் செம்புக்கு மட்டும் விலை சொன்னார். வீடியோக் கசற்றுகளைக் கொடுத்தோம். பெட்டியைத் திருத்துநரிடம் கொண்டுசெல்லச் சாக்கிற் சுற்றியபோது, அம்மா குசினி வாசலில் நின்று சொன்னார்: "ஓடினாச் சொல்லு தம்பி. இந்த முறை நான் இருந்து கேக்கிறன்."