பறவையின் காலில் ஒரு வளையம்



ஆண்டுதோறும் செப்டம்பர் மாதம் பிறந்ததும், தோட்டப்புறங்களில் மின்கம்பி நெடுகிலும் தகைவிலான் குருவிகள் வரிசையாக அமர்வதைப் பார்க்கிறோம். ஏப்ரல் கழிந்தால் அவற்றில் பெரும்பாலானவற்றைக் காணோம். அவை எங்கிருந்து வந்தன? எங்கே போயின? இதற்கு விடை காண மனிதனுக்கு நெடுங்காலம் பிடித்தது.

ஐரோப்பாவில் குளிர்காலம் வந்ததும் தகைவிலான்கள் மறைந்துவிடும். குளத்தடிச் சேற்றில் புதைந்து அவை உறங்குகின்றன என்று படித்தவர்கள்கூட முன்னாளில் நம்பினார்கள். 1822ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கிளூட்ஸ் என்னும் ஊரருகே ஒரு செங்கால் நாரை சுடப்பட்டது. அதன் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி ஒன்று தைத்திருந்தது! பறவைகள் கடல் கடந்து போய் வருகின்றன என்பதற்கு அந்த ஈட்டியே சாட்சியாயிற்று.

ஆனால் இத்தகைய சாட்சி எப்போதும் கிடைக்குமா? பறவைக்குத் தீங்கு செய்யாத ஓர் அடையாளம் வேண்டும். டென்மார்க்கின் விபோர்க் நகரில் மோர்டென்சன் என்ற ஆசிரியர் இதற்கு வழி தேடினார். முதலில் துத்தநாக வளையம் செய்து பார்த்தார். அது கனமாக இருந்தது. பிறகு 1899ஆம் ஆண்டில், எண் பொறித்த இலேசான அலுமினிய வளையங்களை 165 ஸ்டார்லிங் பறவைகளின் காலில் பூட்டிப் பறக்கவிட்டார். அந்த முறை விரைவில் பல நாடுகளுக்குப் பரவியது.

இங்கிலாந்தில் மேஸ்ஃபீல்ட் என்ற வழக்கறிஞர், தம் வீட்டில் கூடு கட்டியிருந்த ஒரு தகைவிலானுக்கு 1911ஆம் ஆண்டு மே மாதம் வளையம் இட்டார். அதன் எண் பி 830. 1912ஆம் ஆண்டு டிசம்பரில், ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு அப்பால், தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் ஒரு பண்ணை வீட்டில் அது பிடிபட்டது. பண்ணைக்காரர் வளையத்தைப் பத்திரப்படுத்தினார். பக்கத்து ஊரில் ஓட்டல் நடத்திய ஒருவர், வளையத்தில் இருந்த லண்டன் முகவரிக்குக் கடிதம் எழுதினார். பல நூற்றாண்டுக் கேள்விக்கு ஒரு கடிதம் பதில் சொன்னது. அவ்விருவரும் விஞ்ஞானிகள் அல்லர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் வட்டாரத்திலும் இப்பணி நடந்தது. 1963ஆம் ஆண்டில் டாக்டர் மெக்லூர் தலைமையில் தொடங்கிய ஆய்வில், ஆசிய நாடுகள் பலவற்றில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையம் இடப்பட்டது. மலேசியாவும் அதில் பங்கு கொண்டது. பிரேசர் மலையில், மூடுபனி இரவுகளில் விளக்கொளியை நாடி வந்த பறவைகளைப் பிடித்து, வளையமிட்டு விடுவித்தார்கள்.

ஆயினும், வளையமிட்ட சிறு பறவைகளில் நூற்றுக்கு ஒன்றைப் பற்றிக்கூடத் தகவல் வருவது அரிது. அந்த ஒன்றும் ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் வரும். பறவை எந்த வழியாகப் பறக்கிறது, எத்தனை ஆண்டு வாழ்கிறது, எந்தச் சதுப்பு நிலத்தை நம்பியிருக்கிறது என்பதெல்லாம் இப்படிக் கிடைத்த தகவல்களாலும் தெரிய வந்தன. எந்த இடத்தைக் காக்க வேண்டும் என்பதும் அதனால் தெரிகிறது. வளையத்தைப் பிள்ளைகள் விளையாட்டுப் பொருளாக வைத்துக்கொண்டால், யாரோ எழுதியனுப்பிய கடிதத்தைப் படிக்காமலே கிழித்துப் போட்டதற்குச் சமம்.

பால்மரக் காட்டிலோ, செம்பனைத் தோட்டத்திலோ, ஆற்றோரத்திலோ வளையமிட்ட பறவை கண்ணில் பட்டால் என்ன செய்வது? உயிருள்ள பறவையாயின் அதைத் துரத்தவோ, வளையத்தைக் கழற்றவோ வேண்டாம். வளையத்தின் நிறத்தையும், தெரிந்த எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இறந்த பறவையாயின் வெறுங்கையால் தொடாதீர்கள். அதைச் சமைக்கவும் கூடாது. வளையத்தின் எண், முகவரி, கண்ட இடம், தேதி ஆகியவற்றை எழுதி, வளையத்தில் உள்ள முகவரிக்கோ வனவிலங்குத் துறைக்கோ தெரிவியுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் எழுதித் தரலாம்.

பறவைக்கு வளையம் இடுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. அதைக் கண்டு சொல்வது நம் எல்லாருக்கும் உரிய வேலை.